வயலினில் மனோதர்மமும் சொந்த உருப்படியும்: மாணவர்கள் கேட்கும் கேள்விகள்

கும்பகோணத்தில் வயலின் கற்றுக்கொடுக்கிறேன். கச்சேரிகளில் பக்கவாத்தியம் வாசிக்கிறேன், நாட்டிய அரங்கேற்றங்களுக்கும் வாசிக்கிறேன், சில உருப்படிகள் (இசைப் படைப்புகள்) இயற்றியிருக்கிறேன். வர்ணமும் கீர்த்தனையும் நன்றாக வாசிக்கத் தேறிய பிள்ளைகள் அடுத்த படியான மனோதர்மத்தில், அதாவது ராகத்தைத் தங்கள் கற்பனையில் அந்த நேரத்திலேயே விரித்து வாசிப்பதில், வந்து தயங்கி நிற்கிறார்கள். அவர்களும் பெற்றோரும் திரும்பத் திரும்பக் கேட்கும் கேள்விகளுக்கு இங்கே பதில் எழுதியிருக்கிறேன். எல்லாம் என் அனுபவத்திலிருந்து வரும் கருத்து. உங்கள் குரு வேறு விதமாகச் சொன்னால் அவர் சொல்வதையே கேளுங்கள். உங்கள் கையை அருகிலிருந்து பார்ப்பவர் அவர்.

நிறையக் கீர்த்தனைகள் பாடம். ஆனால் “ஒரு ராகம் வாசி” என்றால் கை நின்றுவிடுகிறது. ஏன்?

கீர்த்தனை விரலில் இருக்கிறது, காதில் இன்னும் இறங்கவில்லை. எந்த ஸ்வரத்துக்குப் பிறகு எது என்பது விரலுக்குத் தெரியும். ஏன் அப்படி வருகிறது என்பதை நீங்கள் கேட்டுப் பார்த்ததில்லை.

ஒரு சோதனை செய்யுங்கள். நன்றாகப் பாடமான தியாகராஜர் கீர்த்தனை ஒன்றை எடுத்துக்கொள்ளுங்கள். பல்லவியில் ஒரே வரியைச் சற்றே மாற்றி மாற்றி வாசிப்பதைச் சங்கதி என்கிறோம். முதல் சங்கதி நேராக இருக்கும். இரண்டாவதில் ஓரிடம் மட்டும் மாறும். மூன்றாவது, அந்த மாற்றத்தை வைத்துக்கொண்டு இன்னொரு படி மேலே போகும். ஒவ்வொரு சங்கதியிலும் எது மாறியது, எது மாறவில்லை என்று வாய்விட்டுச் சொல்லுங்கள். பிறகு இரண்டாவதற்கும் மூன்றாவதற்கும் நடுவே வரக்கூடிய ஒன்றை நீங்களே வாசித்துப் பாருங்கள். அதுதான் உங்கள் முதல் மனோதர்மம். அதைக் கச்சேரியில் வாசிக்க வேண்டாம். குரு வழியாக வந்த பாடாந்தரத்தை மாற்றும் உரிமை அவ்வளவு எளிதில் யாருக்கும் வந்துவிடாது. வீட்டில் வாசியுங்கள், தினமும் வாசியுங்கள்.

நம் சங்கீதத்தில் கற்பனை, கீர்த்தனைக்கு வெளியே எங்கோ இருக்கும் தனிச் சரக்கு என்று பலரும் நினைக்கிறார்கள். என் முழு நம்பிக்கையும் இதற்கு நேர் எதிர்ப்பக்கம். நல்ல கீர்த்தனை என்பது ஒரு பெரிய மனிதர் செய்த மனோதர்மம், நிலைபெற்று நமக்குக் கிடைத்தது. அதற்குள்ளே போகத் தெரிந்தால் ராகம் தானாகவே வாய்திறக்கும்.

நீங்கள் எப்படி இந்தப் பக்கம் வந்தீர்கள்?

சொல்லும் தாளமும் இல்லாமல் ராகத்தை விரிப்பது ஆலாபனை. என் குரு அதை எழுதிக் கொடுத்ததே இல்லை. அவர் ஒரு பிடி (ராகத்தின் முகம் காட்டும் சிறு ஸ்வரத்தொடர்) வாசிப்பார். நான் அதை அப்படியே திருப்பி வாசிக்க வேண்டும். அடுத்த நிலையில் திருப்பி வாசிக்கக் கூடாது. அவருடைய பிடிக்குப் பதிலாக வேறொரு பிடி சொல்ல வேண்டும். மாலை முழுவதும் இப்படியே போகும். ராகத்தில் பேசக் கற்றது அந்த வீட்டுத் திண்ணையில்தான்.

இயற்றும் ஆசையை வளர்த்தது நாட்டியம். தஞ்சாவூரிலும் மயிலாடுதுறையிலும் நாட்டிய நிகழ்ச்சிகளுக்கு வாசிக்கப் போவேன். வர்ணத்தில் ஆடுபவர் ஒரு வரிக்கு அபிநயம் விரிக்கும்போது பாடகர் அதே வரியைத் திரும்பத் திரும்பப் பாடுவார். ஒவ்வொரு முறையும் முகபாவம் மாறும். அதற்கு ஏற்ப வயலினின் நிறமும் மாற வேண்டும். நாட்டியத்தை நடத்தும் நட்டுவனார் ஒரு ஜதியை (தாளச் சொற்கட்டை) சொல்லி, இதற்கு ஒத்துப்போகும் ஸ்வரம் வேண்டும் என்பார். அடுத்த ஒத்திகைக்குள் கொண்டுபோக வேண்டும். கேட்பவர் எதிரே உட்கார்ந்திருக்கும்போது இயற்றக் கற்றுக்கொள்வது போன்ற பயிற்சி வேறில்லை.

வயலின் மேல்நாட்டிலிருந்து வந்த வாத்தியம். ஆலாபனைக்கு அது எந்த அளவு ஒத்துவரும்?

வந்தது உண்மை. வந்த விதமே ஓர் அழகான வரலாறு. திருவாரூர் முத்துசுவாமி தீட்சிதரின் தம்பி பாலுசுவாமி தீட்சிதர் (1786–1859), சென்னைப் பக்கம் இருந்த காலத்தில் ஐரோப்பியரிடம் வயலின் கற்று, அதில் கர்நாடக சங்கீதத்தை வாசித்தார். அண்ணனோ, அதே காலத்தில் கேட்ட மேல்நாட்டு மெட்டுகளுக்கு சமஸ்கிருத சாகித்யம் (பாடல் வரிகள்) போட்டார். ‘நொட்டுஸ்வரம்’ என்று இன்றும் குழந்தைகளுக்குச் சொல்லிக்கொடுக்கிறோமே, அவைதாம். பிரிட்டிஷ் அரசகீதத்தின் மெட்டில்கூட ‘சந்ததம் பாஹிமாம்’ என்று ஒன்று உண்டு. தஞ்சை நால்வர் என்ற சகோதரர்களில் இளையவரான வடிவேலுவுக்குத் திருவிதாங்கூர் மன்னர் சுவாதித் திருநாள் 1834இல் யானைத் தந்தத்தாலான வயலினைப் பரிசளித்தார்.

ஆக, இந்த வாத்தியம் நம் கைக்கு வந்த முதல் தலைமுறையிலேயே அதை எடுத்தவர்கள் இயற்றுபவர்களின் வீட்டுக்காரர்கள். பிறகு இதே டெல்டாவில் திருக்கோடிக்காவல் கிருஷ்ணய்யரும் கும்பகோணம் ராஜமாணிக்கம் பிள்ளையும் என வயலின் கலைஞர்கள் வந்தார்கள். கழுத்தில் மெட்டுக்கட்டை இல்லாத வாத்தியம் என்பதால் விரல் வழுக்கிப் போகலாம், நிற்கலாம், அசையலாம். கமகத்துக்கென்றே (ஸ்வரத்தை அசைத்து வாசிப்பதற்கென்றே) செய்தது போல இருக்கிறது. நம்மவர்கள் செய்த மாற்றம் சிறியதுதான்: தரையில் சம்மணமிட்டு உட்கார்ந்து, வயலினின் தலையைப் பாதத்தின்மேல் ஊன்றி, தந்திகளை ஸ–ப–ஸ–ப என்று கூட்டிக்கொண்டார்கள். வாத்தியத்தைத் தாங்கும் வேலையிலிருந்து இடது கை விடுபட்டதால்தான் அந்த நீண்ட ஜாருகள் (விரலை வழுக்கி ஸ்வரத்திலிருந்து ஸ்வரத்துக்குப் போவது) எல்லாம் சாத்தியமாயின.

முதலில் எந்த ராகத்தில் ஆலாபனை தொடங்கலாம்? ஹம்ஸத்வனி, மோகனம் எளிது என்கிறார்களே?

ஹம்ஸத்வனி மேல் எனக்கு அளவற்ற அன்பு உண்டு. முத்துசுவாமி தீட்சிதரின் தந்தை ராமசுவாமி தீட்சிதர் நமக்குத் தந்த ராகம் அது. ஆனால் முதல் ஆலாபனைக்கு அதைப் பரிந்துரைக்க மாட்டேன். ஐந்து ஸ்வரம், அசைவு குறைவு. வயலின்காரனின் விரல் உடனே ஓடத் தொடங்கிவிடும். ஏறி இறங்கி வேகமாக வாசித்துவிட்டு ராகம் வாசித்துவிட்டதாக எண்ணிக்கொள்வான்.

நான் பைரவியில் தொடங்கச் சொல்வேன். எடுத்த எடுப்பிலேயே பைரவியா என்று மலைக்க வேண்டாம். ‘விரிபோணி’ அடதாள வர்ணத்தை நீங்கள் ஏற்கெனவே வாசித்திருப்பீர்கள், அல்லது இந்த ஆண்டு வாசிக்கப் போகிறீர்கள். அதை இயற்றியவர் தஞ்சாவூர் சமஸ்தானத்தைச் சேர்ந்த பச்சிமிரியம் ஆதியப்பய்யா. அவருடைய சீடர் சியாமா சாஸ்திரி (1762–1827) தஞ்சை பங்காரு காமாட்சியின் சந்நிதியில் வாழ்ந்தவர். அவர் அதே பைரவியில் ஒரு ஸ்வரஜதி (ஸ்வரங்களுக்குச் சாகித்யம் அமைந்த உருப்படி) செய்தார். குரு ஒன்று, சீடர் ஒன்று, ராகம் ஒன்றே.

அந்த ஸ்வரஜதியின் எட்டுச் சரணங்களையும் கவனித்துப் பாருங்கள். முதல் சரணம் ஷட்ஜத்தில் தொடங்கும். அடுத்தது ரிஷபத்தில், அதற்கடுத்தது காந்தாரத்தில். இப்படி ஒவ்வொரு படியாக ஏறி, எட்டாவது மேல் ஷட்ஜத்தில் தொடங்கும். ஒரு ஸ்வரத்தை இருக்கையாக வைத்துக்கொண்டு சுற்றிவருவது எப்படி, அங்கிருந்து அடுத்த ஸ்வரத்துக்கு எழுந்து போவது எப்படி என்பதற்கு இதைவிடத் தெளிவான பாடம் இல்லை. ஆலாபனையின் அமைப்பே அதுதான். கீழ் ஸ்தாயியில் ஷட்ஜத்தைச் சுற்றித் தொடங்கி, பஞ்சமம் வரை நிதானமாக வந்து, மேல் ஷட்ஜத்தில் நின்று, பிறகு இறங்குகிறோம். ஒரு வாரம் ஒரே ஒரு சரணத்தை எடுத்துக்கொள்ளுங்கள். அதன் தாளத்தைக் கழற்றிவிட்டு, அதே பிடிகளை மெதுவாக, கார்வை கொடுத்து (ஸ்வரத்தை நீட்டி நிறுத்தி) வாசியுங்கள். ஆலாபனை போலவே ஒலிப்பதைக் கேட்பீர்கள்.

ஏறும்போது சற்று உயர்ந்த சதுச்ருதி தைவதம், இறங்கும்போது சற்றுத் தாழ்ந்த சுத்த தைவதம் என்று பைரவியில் ஒரு கட்டுப்பாடு உண்டு. அந்தக் கட்டுப்பாடு காதை விழிப்பாக வைத்திருக்கும். அதனாலும்தான் இந்த ராகம்.

எல்லா மாணவர்களையும் நாகஸ்வரம் கேட்கச் சொல்கிறீர்கள். வயலின் கற்பவருக்கு அது எதற்கு?

இந்தக் கேள்விக்கு மட்டும் கொஞ்சம் நீளமாகவே பதில் சொல்லப் போகிறேன். என் மனத்துக்கு மிக நெருங்கிய விஷயம் இது.

ராக ஆலாபனை வளர்ந்த இடம் சபா மேடை மட்டும் இல்லை. நாலு வீதியையும் சுற்றிவரும் சுவாமி புறப்பாட்டில், நேரக் கட்டுப்பாடு இல்லாத இரவுகளில், ஒரு ராகத்தை ஒரு வீதி முழுவதும் வாசித்த நாகஸ்வரக்காரர்கள் அதை வளர்த்தார்கள். சாகித்யம் இல்லை, மைக் இல்லை. கூட்டத்தில் பாதிப் பேர் நடந்துகொண்டே கேட்பவர்கள். அப்படிப்பட்ட இடத்தில் ராகத்தை நிலைநிறுத்த வேண்டுமென்றால் முதல் பிடியிலேயே ராகத்தின் முகம் தெரிந்தாக வேண்டும். வயலின் மாணவர்கள் ஆலாபனையைத் தொடங்கும்போது என்ன ராகம் என்று தெரிய அரை நிமிடம் ஆகிறது. நாகஸ்வரம் கேட்டு வளர்ந்தவரிடம் அந்தக் குழப்பம் இருக்காது.

திருவாவடுதுறை ராஜரத்தினம் பிள்ளையின் (1898–1956) தோடியைக் கேளுங்கள். பழைய இசைத்தட்டின் இரைச்சலையும் தாண்டி அந்தக் காந்தாரம் உங்களைப் பிடித்து உட்கார வைக்கும். இடைவெளி எங்கே விடுகிறார் என்று பாருங்கள். மூச்சு வாங்கும் இடம் வாக்கியம் முடியும் இடமாக இருக்கிறது. வயலினில் மூச்சு வாங்கத் தேவையில்லை. வில் போய்க்கொண்டே இருக்கும். அதுதான் நமக்கு உள்ள ஆபத்து. நிறுத்தம் இல்லாமல் வாசிக்க முடியும் என்பதால் நிறுத்தாமலேயே வாசித்துவிடுகிறோம். ஒரு மூச்சில் பாடக்கூடிய நீளத்துக்கு மேல் எந்தப் பிடியையும் இழுக்காதீர்கள் என்று நான் சொல்வது நாகஸ்வரத்திலிருந்து எடுத்த விதிதான்.

வில்லுக்கும் அங்கே பாடம் இருக்கிறது. நாகஸ்வரத்தில் நாவால் தட்டி வாசிப்பதைத் துத்துக்காரம் என்பார்கள். தட்டாமல் ஊதிக்கொண்டே விரலாலும் மூச்சாலும் இழைப்பதை அகாரம் என்பார்கள். இரண்டும் கலந்து வரும்போது ஒரு பிடிக்கு உயிர் வருகிறது. வில்லை மாற்றி மாற்றிப் போடுவதும், ஒரே வில்லில் பல ஸ்வரங்களைக் கோப்பதும் நமக்கு அதே இரண்டு வழிகள். எங்கே எதைப் போடுவது என்று சந்தேகம் வந்தால் நாகஸ்வரக்காரர் எங்கே தட்டுகிறார் என்று கேளுங்கள்.

இன்னொன்று, மல்லாரி. சுவாமி புறப்படும்போது கம்பீரநாட்டையில் வாசிப்பது. அதற்குச் சாகித்யம் கிடையாது, சொற்கட்டின் நடையில் அமைந்த ஸ்வரக்கோவை. சொல் இல்லாமலே ஊரையே எழுப்பி வாசலுக்கு வரவைக்கும் உருப்படி அது. சொல் இல்லாத வாத்தியத்துக்கு இயற்ற விரும்புபவர் மல்லாரியைக் கேட்காமல் தொடங்கக் கூடாது.

ஆடுதுறைக்குப் பக்கத்தில் நரசிங்கம்பேட்டையில் ஆச்சா மரத்தில் நாகஸ்வரம் கடைகிறார்கள். 2022இல் புவிசார் குறியீடு கிடைத்தது. மாணவர்களை ஒருமுறை அழைத்துக்கொண்டு போய்க் காட்டுங்கள். வாத்தியம் உருவாவதைப் பார்த்த பிள்ளை அதை வேறு மாதிரி கேட்கும்.

எனக்குக் குரல் சரியில்லை. பாடாமல் வயலினில் மட்டும் மனோதர்மம் பழக முடியாதா?

பாட வேண்டும். குரல் நன்றாக இருக்க வேண்டியதில்லை, சுருதி சேர்ந்தால் போதும். கை பழகிய வழியிலேயே போகும். குரலுக்கு அந்தப் பழக்கம் இல்லாததால் அது மனம் நினைப்பதைத் தேடும். தம்புராவைப் போட்டுக்கொண்டு பத்து நிமிடம் பாடுங்கள், பாடியதை அப்படியே வயலினில் வாசியுங்கள். வாசிக்க முடியாத ஓர் இடம் வரும். அந்த இடத்தில்தான் அன்றைய சாதகம்.

கல்பனாஸ்வரத்தில் (பாட்டின் வரிக்குத் திரும்பும்படி அந்த நேரத்தில் ஸ்வரங்களை வாசிப்பதில்) கோர்வையை (முடிவில் வரும் கணக்கு அமைப்பை) முன்கூட்டியே கணக்குப் போட்டு வைத்துக்கொள்வது சரியா? அது கற்பனை ஆகுமா?

சரிதான். எல்லாப் பெரியவர்களும் கணக்கைக் கையில் வைத்திருந்தார்கள். எந்த நேரத்தில் எதை எடுப்பது, எந்த ஸ்வரங்களால் நிரப்புவது என்பதில் கற்பனை இருக்கிறது.

ஆதி தாளம் (எட்டு எண்ணிக்கை), ஒரு களை, எடுப்பு (பாட்டு தொடங்கும் இடம்) சமத்தில் (தாளத்தின் முதல் எண்ணிக்கையில்) என்று வைத்துக்கொள்வோம். ஓர் எண்ணிக்கைக்கு நான்கு மாத்திரை என்றால் ஓர் ஆவர்த்தனம் (தாளத்தின் ஒரு சுற்று) 32 மாத்திரை. ஐந்து ஸ்வரம் மூன்று முறை, நடுவில் இரண்டிரண்டு மாத்திரைக் கார்வை: 5+2+5+2+5 = 19. இதை 32இல் கழித்தால் 13. மூன்று எண்ணிக்கை முடிந்து நான்காவதில் ஒரு மாத்திரையும் போனபின், அதாவது நடுவிரல் எண்ணிக்கையின் இரண்டாவது மாத்திரையில் தொடங்கினால், கோர்வை முடிந்து அடுத்த சமத்தில் பாட்டு வந்து விழும்.

இப்போது ஐந்தை மூன்று முறை போடுவதற்குப் பதிலாக 7, 5, 3 என்று குறைத்துக்கொண்டு வாருங்கள்: 7+2+5+2+3. அதுவும் 19தான். திருப்பி 3, 5, 7 என்று ஏற்றினாலும் 19. தொடங்கும் இடம் மாறவே இல்லை, ஆனால் கேட்பவருக்கு மூன்றும் மூன்று உணர்வு. மேடையில் உட்கார்ந்து தொடங்கும் இடத்தை மட்டும் நினைவில் வைத்துக்கொண்டு, மூன்றில் எதை வாசிப்பது என்பதை அந்த நொடியில் தீர்மானிக்கலாம். இந்தச் சுதந்திரம் கணக்குப் போட்டவருக்குத்தான் கிடைக்கும்.

எச்சரிக்கை ஒன்று. கோர்வைக்காக ராகத்தை உடைக்காதீர்கள். கணக்குக்காக பைரவியின் காந்தாரத்தை அசைவில்லாமல் தட்டிவிட்டுப் போனால் அது பைரவியே இல்லை. சர்வலகுவாக (கணக்கு இல்லாமல் தாளத்தின் ஓட்டத்தோடு) இரண்டு ஆவர்த்தனம் நன்றாக வாசித்துவிட்டுக் கோர்வையே இல்லாமல் நிறுத்தினால் குறை ஒன்றும் இல்லை. ஸ்வரங்களை எப்படிக் கோப்பது என்று தெரிய, நாட்டை முதல் ஸ்ரீராகம் வரையான தியாகராஜரின் பஞ்சரத்தினங்களில் வரும் சரண ஸ்வரங்களைப் பாருங்கள். அந்த ஐந்து ராகங்களுக்கும் அதைவிட நல்ல இலக்கணம் கிடையாது.

நிரவல் வயலினில் எப்படி? வயலினில் சொல்லே வராதே?

பாட்டின் ஒரு வரியையே தாளத்துக்குள் கற்பனையாக விரிப்பது நிரவல். வயலினில் சொல் வராது, சொல்லின் எடை வரும். பாடகர் வரியின் எந்த எழுத்து எந்த எண்ணிக்கையில் விழுகிறதோ, அங்கே வில் மாற வேண்டும். நெடிலுக்கு நீண்ட வில், குறிலுக்குச் சின்ன வில். அப்படி வாசித்தால் வரி தெரிந்த ரசிகர் மனத்துக்குள் பாடிக்கொண்டே கேட்பார். வரி தெரியாமல் நிரவல் வாசிக்கவே கூடாது, அது தெலுங்கு வரியானாலும் சரி. பொருளைக் கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள்.

பக்கவாத்தியம் வாசிப்பவருக்கு மனோதர்மம் எங்கே இருக்கிறது? பாடகர் நிழலில்தானே போக வேண்டும்?

நிழலில் போவதே பெரிய வித்தை. பாடகர் அடுத்து எங்கே போவார் என்று ஊகித்து, அரை நொடி பின்னால் போக வேண்டும், முந்தக் கூடாது. பிறகு உங்கள் முறை வரும். பாடகர் பன்னிரண்டு நிமிடம் காம்போதி பாடியிருந்தால் நீங்கள் நாலைந்து நிமிடத்தில் வாசிக்க வேண்டும். அவர் சொன்னதையே திரும்பச் சொன்னால் கேட்பவருக்குச் சலிப்பு. முற்றிலும் வேறாகச் சொன்னால் கச்சேரியின் ஒருமை கெடும். அவர் தொட்டுவிட்டு விட்டுப்போன ஓர் இடத்தை எடுத்து விரியுங்கள். சுருக்கமாகச் சொல்லும் கலையைப் பக்கவாத்தியம்தான் கற்றுத்தருகிறது. தனிக் கச்சேரி ஆசையில் இதைத் தவிர்ப்பவர்களைப் பார்த்தால் எனக்கு வருத்தமாக இருக்கிறது.

மேல்நாட்டு முறையில் பட்டம் வரை வயலின் கற்றவன் நான். எழுதியதை வாசிக்கத்தான் தெரியும். இந்த முறைக்கு வர முடியுமா?

வரலாம். உங்கள் மரபிலும் இது இருந்தது. கான்செர்ட்டோக்களில் ‘கடென்ஸா’ என்று ஓர் இடம், வாசிப்பவரின் கற்பனைக்கென்றே விட்டது. பீத்தோவன் 1806இல் எழுதிய வயலின் கான்செர்ட்டோவில் அந்த இடத்துக்கு அவர் வயலினுக்கென்று எதையும் எழுதி வைக்கவில்லை. பின்னால் வந்த யோவாக்கிம், கிரைஸ்லர் போன்ற வயலின் கலைஞர்கள் தங்களுடையதை எழுதினார்கள். இன்று பெரும்பாலோர் அவற்றை வாசிக்கிறார்கள். அந்தக் கதவு உங்கள் வீட்டிலேயே இருக்கிறது.

நடைமுறையில் மூன்று விஷயங்கள் உங்களைச் சோதிக்கும். ஜி–டி–ஏ–இ சுருதியை விட்டு ஸ–ப–ஸ–ப கூட்டினால் விரல் கணக்கு எல்லாம் மாறும். வைப்ராட்டோ (விரலை அதிரவைக்கும்) பழக்கம் நம் நேர் ஸ்வரங்களைக் கலைக்கும். முதலில் அதை முழுமையாக நிறுத்துங்கள். தாளில் பார்க்காமல் கேட்டு வாசிக்க வேண்டும். வில் கட்டுப்பாட்டில் நீங்கள் எங்கள் மாணவர்களைவிட முன்னே இருப்பீர்கள்.

சொந்தமாக இயற்ற எப்போது தொடங்கலாம்? முதலில் எதை இயற்றுவது?

ஒரு ராகத்தில் பத்து நிமிடம் தடுமாறாமல் வாசிக்க முடிகிற நாளிலிருந்து தொடங்கலாம். ஆனால் முதலில் கீர்த்தனை வேண்டாம். ஜதிஸ்வரம் செய்யுங்கள்.

சின்னய்யா, பொன்னய்யா, சிவானந்தம், வடிவேலு என்ற தஞ்சை நால்வர்தாம் இன்று நாம் காணும் பரதநாட்டிய வரிசையை ஒழுங்குபடுத்தினார்கள். அதில் தொடக்க ஆட்டமான அலாரிப்புக்கு அடுத்து ஜதிஸ்வரம். சாகித்யம் இல்லை. பல்லவி ஒன்று, அதைத் தொடர்ந்து ஸ்வரக் கோர்வைகள், ஒவ்வொன்றும் முடிந்து பல்லவிக்குத் திரும்பும். கல்பனாஸ்வரம் பழகியவருக்கு இதற்கான கருவிகள் ஏற்கெனவே கையில் இருக்கின்றன. கல்பனாஸ்வரத்தில் பறந்துபோவதை இங்கே நிறுத்தி, செதுக்கி, இன்னொருவர் வாசிக்கும்படி வைக்க வேண்டும், அவ்வளவுதான். அந்த ‘அவ்வளவுதான்’ பல மாதங்கள் எடுக்கும் என்பதையும் சொல்லிவிடுகிறேன். பத்து ஸ்வரக் கோவைகள் எழுதினால் ஏழு கோவைகளை எடுத்துவிட வேண்டியிருக்கும்.

அடுத்து தில்லானா (ஜதிச் சொற்களால் அமைந்த உருப்படி), பிறகு வர்ணம். இந்த இரண்டிலும் வழிகாட்டி லால்குடி ஜெயராமன் (1930–2013). கொள்ளிடத்துக்கு வடகரையில் உள்ள லால்குடியிலிருந்து வந்தவர்; தியாகராஜரின் சீட பரம்பரையில் வந்த குடும்பம். அவருடைய மோகனகல்யாணி தில்லானாவைக் கேளுங்கள். வில் பிடித்த கை இயற்றியது என்பது தெரியும், ஆனாலும் பாடகர்களும் நடனமணிகளும் அதைத் தங்களுடையதாக எடுத்துக்கொண்டார்கள். நாட்டியத்துக்கான நவரஸ பதவர்ணத்தைத் தமிழில் செய்தார். வயலின் கலைஞர் பிறருக்கு இயற்றலாமா என்ற கேள்விக்கு அவருடைய உருப்படிகளே பதில்.

சாகித்யம் எழுத எனக்குத் தெரியாது. தமிழில் எழுத என்ன பழக வேண்டும்?

முதலில் நிறையப் பாடுங்கள். சீர்காழியில் முத்துத்தாண்டவரும் அருணாசலக் கவிராயரும், தில்லைவிடங்கனில் மாரிமுத்தாப் பிள்ளையும், மாயூரத்துப் பக்கம் கோபாலகிருஷ்ண பாரதியும் தமிழில் பாடிவைத்த மண் இது. அவர்களின் பாட்டில் எதுகையும் மோனையும் தாளத்தின் எந்த இடத்தில் விழுகின்றன என்று கை தட்டிப் பாருங்கள். பல்லவியின் முதல் எழுத்துக்கு மோனையும், அனுபல்லவியில் இரண்டாம் எழுத்து எதுகையும் வந்தால் பாட்டு தானே கூடிவரும்.

மெட்டை முதலில் செய்துவிட்டுச் சொல்லைத் திணிப்பது வயலின்காரர்களின் பழக்கம். குறிலில் கார்வை விழும், நெடிலைத் துரித ஸ்வரம் நசுக்கும். பாடுகிறவர் ஓரிடத்தில் முகம் சுளித்தால் அங்கே சொல் தப்பாக உட்கார்ந்திருக்கிறது என்று பொருள். மாற்றுங்கள்.

ஸ்வராக்ஷரம் என்று ஓர் அழகு உண்டு, ஸ்வரத்தின் பெயரே சொல்லாகவும் வருவது. “நீ தா பாமாலை” என்று வைத்துக்கொள்ளுங்கள். நி, த, ப, ம என்று கல்யாணியில் இறங்கும்போது அதே எழுத்துகள் சொல்லிலும் வருகின்றன. ஒரு பாட்டில் ஓரிடத்தில் வந்தால் இனிமை. இதையே தொழிலாக வைத்துக்கொண்டால் பொருள் போய்விடும்.

புது ராகம் கண்டுபிடித்து அதில் இயற்றலாமா?

திருவையாற்றில் பிறந்த பட்டணம் சுப்பிரமணிய ஐயர் ‘ரகுவம்ச சுதா’வுக்காகக் கதனகுதூகலத்தை நமக்குத் தந்தார். அந்த ஒரு பாட்டிலேயே ராகம் நிலைத்துவிட்டது. அந்த அளவு தெளிவான பாட்டு உங்களிடம் இருந்தால் செய்யுங்கள். இல்லையென்றால் தோடியில் இன்னும் இடம் இருக்கிறது.

இயற்றியதை எழுதி வைக்க வேண்டுமா, பதிவு செய்தால் போதுமா?

இரண்டும். கைப்பேசியில் உடனே பதிவு செய்யுங்கள், மறுநாளுக்குள் மறந்துவிடும். பிறகு ஸ்வர சாகித்யமாகத் தாளக் குறியோடு எழுதுங்கள். எழுதும்போதுதான் எங்கே அரை மாத்திரை நழுவுகிறது என்று தெரியும். கமகத்தைத் தாளில் முழுமையாகக் காட்ட முடியாது, அதற்குப் பதிவு.

டெல்டாவில் எங்கே போய்க் கேட்பது?

தை மாதத்தை ஒட்டி, புஷ்ய பகுள பஞ்சமியில் திருவையாற்றில் தியாகராஜ ஆராதனை. பஞ்சரத்தினம் சேர்ந்து வாசிக்கும்போது கூட்டத்தின் நடுவே உட்காருங்கள். சித்திரையில் அதே திருவையாற்றின் சப்தஸ்தானப் பல்லக்கு ஏழூர் சுற்றி வரும். பங்குனியில் திருவாரூர்த் திருவிழா. இவை தவிர உங்கள் ஊர்க் கோயில் திருவிழாவிலேயே நாகஸ்வரம் இருக்கும், அதைக் கேட்க டிக்கெட் கூட வேண்டாம். கல்யாண வீட்டில் எல்லோரும் பந்திக்கு எழுந்துபோனபின் நாகஸ்வரக்காரர் தனக்காக வாசிப்பார். அப்போது பக்கத்தில் போய் நில்லுங்கள்.

என் மகளுக்கு இதில் பிழைப்பு உண்டா?

கச்சேரி மட்டும் என்றால் கடினம். பக்கவாத்தியம், நாட்டியம், கற்பித்தல், அரசு இசைப்பள்ளி ஆசிரியர் பணி என்று சேர்த்தால் வாழலாம். திருவையாறு அரசு இசைக் கல்லூரியில் முறையாகப் படித்த தகுதி வேலைக்கு உதவும். இயற்றுவதில் பணம் வரும் என்று எதிர்பார்க்க வேண்டாம். நாட்டியத்துக்கு இயற்றுபவர்களுக்குச் சன்மானம் உண்டு.

சொந்த உருப்படியைக் கச்சேரியில் எப்போது வாசிக்கலாம்?

குருவிடம் வாசித்துக் காட்டி, அவர் திருத்தியபின். அதற்குப் பிறகு ஒரு பாடகருக்கோ இன்னொரு வயலின் மாணவருக்கோ சொல்லிக்கொடுங்கள். அவர்கள் வாசிக்கும்போது ஓரிடம் தானாக மாறினால், பெரும்பாலும் மாறியதுதான் சரியாக இருக்கும். அதை ஏற்றுக்கொள்ளுங்கள்.

வர்ணமானால் கச்சேரியின் தொடக்கத்தில், தில்லானாவானால் கடைசியில். முதல் முறை வாசிக்கும்போது நடுவில் வைக்க வேண்டாம், பெரியவர்களின் கீர்த்தனைகளுக்கு இடையே அது மூச்சுத் திணறும். மிருதங்க வித்வானுக்குத் தாளம், எடுப்பு, முத்தாய்ப்பின் (முடிவின்) கணக்கு மூன்றையும் ஒரு வாரத்துக்கு முன்பே எழுதிக் கொடுத்து, ஒருமுறையாவது அவரோடு உட்கார்ந்து வாசித்துவிடுங்கள். மேடையில் ஏறியபின் சைகையில் சொல்லிக்கொள்ளலாம் என்று விட்டுவிடாதீர்கள்.